நாலு பங்கு டிவி

பலாப்பழத்தைப் பங்கு வைக்கிற அண்ணனை ஒரு தடவை நீங்கள் பார்த்திருந்தால் போதும், இதை நான் எழுதவே வேண்டியதில்லை. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, வீட்டின் நடுமுற்றமான வளவில் சம்மணம் போட்டு உட்காருவார். முன்னால் நாலு தாம்பாளம். இதில் ஒரு சுளை, அதில் ஒரு சுளை என்று வைத்துக்கொண்டே வருவார். கடைசியில் மூன்று சுளை மிஞ்சினால் மூன்றையும் நாலு நாலாக நறுக்குவார். கொட்டைக்கும் அதே கதிதான். அவர் வீட்டுக்கு ஒரு தாம்பாளம், எங்களுக்கு ஒன்று, சென்னைக்காரருக்கு ஒன்று, பெனாங்குக்காரருக்கு ஒன்று.

இதில் கடைசி இரண்டு வீட்டிலும் ஆள் கிடையாது. சென்னைக்காரர் வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். பெனாங்கில் கடை வைத்திருந்தவர் நினைத்தால் வருவார். ஆனாலும் அவர்களுடைய பூட்டிய கதவுகளுக்கு முன்னால் தாம்பாளங்கள் போய் உட்காரும். எறும்பு வரும், ஈ வரும், வீடே மணக்கும். மூன்றாம் நாள் அண்ணனே அவற்றை எடுத்துக்கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டுவிட்டு வருவார்.

"அண்ணே, வீணாப் போறதுக்குப் பிள்ளைகளாவது திங்கலாம்ல?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அது அவுக பங்கு தம்பி. அவுக வரலைங்கிறதுக்காக நம்ம பங்காயிருமா?"

மாட்டுடைய பங்கு மட்டும் ஆகலாமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. மூத்தவர் ஆயிற்றே என்று விழுங்கிக்கொண்டேன். அவரோடு ஒரே வீட்டில் இருந்த காலத்தில் நான் இப்படி விழுங்கியதையெல்லாம் சேர்த்தால் ஒரு அண்டா நிறையும்.

அவர் என் பெரியப்பாவின் மகன், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். காரைக்குடியில் எங்கள் ஐயா, அதாவது அப்பாவைப் பெற்றவர், கட்டிய வீடு அது. ஐயாவுக்கு நாலு பிள்ளைகள். அந்த நாலு பேரும் காலமான பிறகு வீடு நாலு பங்காளிகளுக்கு வந்து சேர்ந்தது. மூத்த வழிக்கு அண்ணன், இரண்டாவது வழிக்குச் சென்னைக்காரர், மூன்றாவதுக்குப் பெனாங்குக்காரர், கடைசி வழிக்கு நான். வளவைச் சுற்றி ஆளுக்கு ஒரு முன்னறை, அதற்குள்ளே ஓர் உள்ளறை. மற்ற இடமெல்லாம் பொது. ஊரோடு இருந்தது அண்ணனும் நானும்தான். வீட்டின் சாவிக்கொத்து மூத்தவர் என்ற முறையில் அண்ணனின் இடுப்பில் இருந்தது.

மாதம் ஒரு தடவை பூட்டிய அறைகளைத் திறந்து பெருக்கிச் சாம்பிராணி போடுவார். அவற்றைப் பெருக்கி முடித்த பிறகுதான் சொந்த அறைக்கு வருவார். செய்தித்தாள் வீட்டுக்கு ஒன்றுதான் வரும். இன்றைக்கு அவர் முதலில் படித்தால் நாளைக்கு நான் முதலில் படிக்க வேண்டும். எனக்குப் பேப்பர் படிக்கிற வழக்கமே கிடையாது. அதற்காக அவர் விட்டதில்லை. என் முறை வரும் நாளில் மடிப்புக் கலையாமல் என் வாசல்படியில் வைத்துவிட்டு, நான் பிரிக்கிற வரைக்கும் அங்குட்டும் இங்குட்டும் நடப்பார். அவருக்காகவே நான் அதைப் பிரித்து, இரண்டு நிமிஷம் முகத்துக்கு நேரே பிடித்துவிட்டுக் கொடுப்பேன்.

என் கல்யாணப் போட்டோவில் எனக்கு இடது பக்கம் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம் இருக்கும். பெனாங்குக்காரரால் வர முடியவில்லை. அவர் நிற்க வேண்டிய இடத்தில் யாரும் நிற்கக் கூடாதென்று அண்ணன் சொல்லிவிட்டார். போட்டோ எடுப்பவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "நெருங்கி நில்லுங்க சார், பல்லு விழுந்த மாதிரி இருக்கு." அண்ணன் நகரவில்லை. இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள், இங்கே யாரையாவது வெட்டி எடுத்துவிட்டீர்களா என்று கேட்கிறார்கள்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் டிவி.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் அப்பாமார் நாலு பேரும் சேர்ந்து வாங்கியது அது. அப்போது நம் நாட்டு ஒளிபரப்பு எங்கள் ஊருக்கு எட்டாது. மாடியில் உயரமாகக் குழாய் நட்டு இலங்கை நிகழ்ச்சிகளைத்தான் இழுத்துப் பார்த்தோம். கறுப்பு வெள்ளை. தேக்கில் செய்த பெட்டி, நாலு கால், இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற கதவு, அதற்கு ஒரு பூட்டு. அரிசிப் பெட்டி அளவு இருக்கும். எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, "எங்க பக்கம் வச்சுக்கங்க, எல்லாரும் அங்க வந்து பாக்கட்டும்" என்று என் அப்பா தாராளமாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அது எங்கள் முன்னறையில். நாலு பேரும் கூடிப் பேசி முடிவு செய்த இடம்.

தொண்ணூறுகளின் நடுவில் எல்லார் வீட்டிலும் கலர் டிவி வந்துவிட்டது. எங்கள் உள்ளறையில்கூட ஒரு சின்ன கலர் டிவி வைத்திருந்தோம். அண்ணன் மட்டும் வாங்கவில்லை. "பொது டிவி இருக்கையில தனியா எதுக்கு?" என்பார். சரி, பொது டிவியையாவது பார்ப்பாரா என்றால் அதுவும் கிடையாது. அவர் மனைவி, நாங்கள் அண்ணமிண்டி என்று கூப்பிடுகிறவர், நாடகம் பார்க்க எதிர் வீட்டுக்குப் போய்வருவார்.

வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் அண்ணன் எங்கள் முன்னறைக்கு வருவார். பூட்டைத் திறப்பார், டிவியைப் போடுவார், பத்து நிமிஷம் ஓட விடுவார். ஈரம் ஏறாமல் இருக்கவாம். அந்தப் பத்து நிமிஷமும் நின்றுகொண்டே இருப்பார். அதுவும் திரையைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. "உக்காந்து பாருங்கண்ணே" என்று நாற்காலியைப் போட்டால் உட்கார மாட்டார்.

"மத்தவுக இல்லாதப்ப நான் மட்டும் உக்காந்து பாத்தா அது என் டிவி மாதிரி ஆயிரும்ல?"

நானும் நின்றுகொண்டே இருப்பேன்.

அப்படி இருக்கையில் ஒரு வருஷம் ஆனி மாதத்தில் என்னைப் பெற்ற ஆத்தா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். மதுரையில் அறுவை சிகிச்சை செய்து அழைத்து வந்தோம். வெளிச்சமும் காற்றும் இருக்கிற அறையில் கட்டிலைப் போடுங்கள், வாக்கரைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வையுங்கள், நடக்காவிட்டால் கால் இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

வெளிச்சமும் காற்றும் முன்னறையில்தான். அதன் கதவைத் திறந்தால் வளவு. வெயில், மழை, வருவோர் போவோர் எல்லாம் தெரியும். உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. பகலிலும் பல்பு எரிய வேண்டும். அதன் நிலைப்படியோ முழங்கால் உயரம். இடுப்பு ஒடிந்தவரால் தாண்டவே முடியாது. ஆனால் முன்னறையில் டிவி நின்றது. அது நிற்கும்போது கட்டிலைப் போட்டால் வாக்கரைத் திருப்ப இடம் இல்லை. டிவியை உள்ளறைக்குத் தள்ளலாம் என்று அளந்து பார்த்தேன். உள்ளறைக் கதவு குறுகல், பெட்டி நுழையாது. ஆக, ஆத்தா உள்ளே இருட்டில், யாரும் பார்க்காத டிவி வெளியே வெளிச்சத்தில்.

நான் அண்ணனிடம் போனேன். சின்ன விஷயம், ஒரு நிமிஷத்தில் முடியும் என்று நினைத்துப் போனேன் பாருங்கள், என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

"சின்னாத்தாவுக்கு இடம் வேணும்தான், நான் இல்லைங்கலையே. ஆனா நாலு பேரு சொல்லி வச்ச சாமானை ரெண்டு பேரு சொல்லி எப்படி நகத்துறது?" என்றார்.

"வளவு ஓரத்துல வைப்போம்ணே."

"சாரல் அடிக்கும். ஓடுற சாமான் கெட்டுப் போகும்."

"சென்னைக்காரர் ரூமைத் திறந்து வைப்போம்."

"அவுக இடத்துல பொதுச் சாமானை வைக்க நாம யாரு?"

"அப்ப உங்க முன்னறையில வச்சுக்கங்க."

அவருக்கு முகமே மாறிவிட்டது. "என்ன தம்பி இப்படிச் சொல்றீக? நாளைக்கு, பொது டிவியை அவன் தனக்குன்னு எடுத்துக்கிட்டான்னு பேச்சு வராதா?"

கோபம் வந்தால் அவர் என்னை 'றீக' போட்டுத்தான் பேசுவார்.

"யாருக்காவது குடுத்துருவோம்ணே, சனியன் விட்டதுன்னு" என்றேன்.

"ஓடாமப் போயிருந்தா நானே தூக்கித் தெருவுல வச்சிருப்பேன், ஒருத்தரையும் கேக்க வேண்டியதில்லை. ஓடுதே!"

அவருடைய சட்டம் அதுதான். ஓடாத பொருள் குப்பை, அதற்குச் சம்மதம் தேவையில்லை. ஓடுகிற பொருள் சொத்து, அதற்கு நாலு பேர் சம்மதம் வேண்டும். அந்த டிவி செய்த ஒரே குற்றம் கெட்டுப்போகாமல் இருந்தது.

ஆத்தாவிடம் வந்து பொருமினேன். "அவன் சொல்றதும் நியாயந்தானேடா" என்றார். இருட்டுக்குள் படுத்துக்கொண்டு இதைச் சொன்னார். எனக்கு எங்கே போய் முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

அன்றிலிருந்து அந்த டிவியைச் சாகடிப்பதுதான் என் வேலை. பெட்டிக் கதவின் பூட்டு பெயருக்குத்தான், என் மனைவியின் கொண்டை ஊசிக்கே திறந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முதல் சாயங்காலம் வரை ஓட விட்டேன், சூடேறிப் புகையட்டும் என்று. ஓட ஓடப் படம் இன்னும் பளிச்சென்று ஆனது. மின்னல் வெட்டும்போதெல்லாம் பிளக்கைச் செருகி வைத்தேன். என் கலர் டிவிதான் பழுதானது. கடைசியில், மாடியிலிருந்து இறங்கும் வயரைப் பிளேடால் அறுத்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்தேன். அண்ணன் வந்தார், போட்டார், படம் வரவில்லை. வயரைத் தடவிக்கொண்டே போனவர் அறுந்த இடத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"எலி கடிச்சிருக்கு தம்பி" என்றார். முறுக்கி ஒட்டினார். படம் வந்தது. சாயங்காலம் கடைக்குப் போய் எலிப்பொறி வாங்கி வந்தார். ஒன்றல்ல, நாலு. ஆள் இல்லாத அறைகளுக்கும் சேர்த்து வாசலுக்கு ஒன்றாக வைத்தார். இரண்டு நாள் கழித்து என் பெருவிரல் அதில் மாட்டியது.

டிவி ரிப்பேர் செய்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தேன். வரும் வழியிலேயே, "அண்ணனுக்கு முன்னாடி, இது இனிமே ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்று சொல்லி வைத்தேன். தலையாட்டினார். பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "அண்ணே, மன்னிச்சுக்கங்க. இப்படி ஒரு செட்டைப் பாத்து ஆகாதுன்னு எப்படிச் சொல்றது? இன்னும் பதினஞ்சு வருசம் ஓடும்" என்றார் என்னைப் பார்த்து. "பாத்தியா!" என்று அண்ணன் என் தோளைத் தட்டினார்.

அடுத்து, பழஞ்சாமான் கடைக்காரர் ஒருவர் வந்தார். டிவி வேண்டாம், தேக்குப் பெட்டி மட்டும் போதும், உள்ளே இருப்பதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அலமாரியாக்கி விற்கலாம் என்றார். அன்றைக்குத்தான் அண்ணன் என்னிடம் குரலை உயர்த்தினார்.

"அந்த ஆளை எதுக்கு நம்ம நடைக்குள்ள விட்டீக? எந்த வீட்டுக்குள்ள அவர் நுழைஞ்சாலும் ஊரு என்ன பேசும்னு தெரியாதா?"

அது எனக்கும் தெரியும். வெளியூர்ப் பங்காளிகளுக்குத் தெரியாமல் வீட்டோடு இருப்பவர்கள் தூணையும் கதவையும் விற்றுவிடுகிறார்கள் என்று அப்போது எங்கள் பக்கத்தில் பேச்சு இருந்தது. சில வீடுகளில் நடந்தும் இருந்தது. அண்ணனுக்கு அந்தப் பேச்சு என்றாலே பயம். தன்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது, அவருக்கு வாழ்க்கையில் அது ஒன்றுதான் வேண்டும். அவருடைய பயத்துக்கு என் ஆத்தா ஏன் இருட்டில் கிடக்க வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். பங்காளிகளுக்குக் கடிதம் போட்டு எழுத்தில் சம்மதம் வாங்குவது. அப்பாடா என்று இருந்தது. மூன்று நாள் கழித்துத் தபால்காரர் என்னிடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். அண்ணனின் கையெழுத்து. 'அன்புள்ள தம்பிக்கு, நலம், நலமறிய ஆவல். நமது பொது டிவியை அகற்றுவது சம்பந்தமாகத் தங்கள் அபிப்பிராயத்தை எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' கடிதத்தை வாங்கிக்கொண்டு நிமிர்ந்தேன். அதை எழுதியவர் இருபதடி தூரத்தில் துவைத்த வேட்டியைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதை நேர்ல கேக்கக் கூடாதா?"

"அவுகளுக்குத் தபால்ல போட்டுட்டு உங்கிட்ட மட்டும் வாயால கேட்டா அது வித்தியாசம்தானே?"

நானும் தபாலில்தான் பதில் போட்டேன். வேறு வழி?

சென்னைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, "தூக்கிப் போடுங்க, இதுக்கெல்லாமா காயிதம்?" என்றார். பேச்சு காற்றோடு போய்விடும், எழுதி அனுப்புங்கள் என்றார் அண்ணன். எழுதச் சொன்னதும் சென்னைக்காரருக்கு யோசனை வந்துவிட்டது. மாசி மாதம் படைப்புக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம், அதுவரை இருக்கட்டும் என்று பதில் வந்தது. முன்னோருக்குப் படைக்கிற அந்தச் சடங்குக்குப் பங்காளிகள் எல்லாரும் வந்தாக வேண்டும். அதற்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. பெனாங்கிலிருந்து பதிலே இல்லை.

ஆத்தா தினமும் கேட்பார். "பெனாங்குக் காயிதம் வந்துருச்சா?"

"வரலை ஆத்தா."

"வரும்" என்பார். வளவில் யார் நடந்தாலும் காலடிச் சத்தத்தை வைத்தே இன்னார் என்று சொல்லப் பழகியிருந்தார். நிலைப்படிக்கு உள்பக்கமே வாக்கரில் நாலு எட்டு, திரும்பி நாலு எட்டு. அதற்கு மேல் இடம் இல்லை. முழங்கால் மடங்குவது குறைந்துகொண்டே வந்தது.

ஐப்பசியில் ஒருநாள் பகலில் நல்ல மழை. வளவில் நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து ஆத்தாவுக்கு அந்த மழையைப் பார்க்க அவ்வளவு பிடிக்கும். வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"டேய், வளவு நெறைஞ்சிருச்சா? கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

பார்த்துச் சொன்னேன். சொல்லிவிட்டு அந்த டிவியைப் பார்த்தேன். அதன் மேல் அண்ணன் மழைக்காகப் போர்த்திவிட்ட பிளாஸ்டிக் தாள் இருந்தது. அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அடுத்த வாரம் வீட்டு வரி விஷயமாக அண்ணன் காலையிலேயே சிவகங்கைக்குப் போனார். மாதா கோயிலுக்குப் பக்கத்தில் பெண் பிள்ளைகள் விடுதி ஒன்று இருந்தது. அதை நடத்திய சிஸ்டரிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன். நாலு ஆட்களோடு தள்ளுவண்டி வந்தது. "அவன் வந்துரட்டும்டா, அவசரப்படாதே" என்று ஆத்தா உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காதில் வாங்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு டிவி போய்விட்டது. பன்னிரண்டரைக்கு ஆத்தாவை முன்னறைக் கட்டிலில் கொண்டுவந்து படுக்க வைத்தோம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு வளவையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்துச் சீப்பும் கண்ணாடியும் கேட்டார். ஐந்து மாதமாக அவர் கண்ணாடி கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்தது.

சாயங்காலம் அண்ணன் வந்தார். எங்கள் வாசலில் நின்றார். டிவி நின்ற இடத்தையும் ஆத்தாவையும் பார்த்தார். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். அத்தனை மாதமாக விழுங்கியதையெல்லாம் அன்றைக்குக் கொட்டிவிடுவதென்று சொற்களைக்கூட அடுக்கி வைத்திருந்தேன்.

"காத்து வருதா சின்னாத்தா?" என்று கேட்டார்.

"வருதுப்பா."

"எங்க குடுத்த?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுக் கால் கழுவப் போனார்.

மறுநாள் காலையில் கடிதங்களோடு வந்தார். பொது விஷயமாக எது எழுதினாலும் என்னிடம் படிக்கக் கொடுத்த பிறகுதான் ஒட்டுவார். 'நமது பொது டிவி ஓடாமல் போய்விட்டது. இனிமேல் ஆகாது என்று தெரிந்ததால் நானே வெளியேற்றிவிட்டேன். முன்கூட்டித் தெரிவிக்காததற்கு மன்னிக்கவும்.' இரண்டு தடவை படித்தேன்.

"அண்ணே, இது..."

"தபாலுக்கு நேரமாச்சு, குடு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து எனக்கும் ஒரு கடிதம் வந்தது. பொது டிவி ஓடாமல் போய்விட்ட விவரம் அதில் இருந்தது.

மாசியில் எல்லாரும் வந்தார்கள். அதற்குள் ஆத்தா வாக்கரைப் பிடித்துக்கொண்டு வளவை ஒரு சுற்று வரத் தொடங்கியிருந்தார். படைப்பு முடிந்த மறுநாள் காலை, எல்லாரும் வளவில் உட்கார்ந்திருந்தோம். விடுதி சிஸ்டர் இரண்டு பிள்ளைகளோடு உள்ளே வந்தார். குடும்பம் மொத்தமும் கூடியிருப்பது தெரிந்து, நன்றி சொல்ல வந்திருந்தார்.

"டிவி ரொம்ப நல்லா ஓடுதுங்க ஐயா. பிள்ளைக ஞாயித்துக்கிழமை ஆனா அதை விட்டு எழுந்திருக்கிறதே இல்லை. நல்லா இருப்பீங்க" என்று சென்னைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார்.

சிஸ்டர் விடைபெற்றுப் போனார். பிறகு சென்னைக்காரர் அண்ணனைப் பார்த்துத் திரும்பினார்.

"ஓடாமப் போச்சுன்னு எழுதுனீக?"

"எழுதுனேன்."

"ஓடுதாமே?"

"ஓடும்."

"அப்ப இந்த வீட்டுல வேற என்னென்ன இப்படி ஓடாமப் போச்சு?"

முன்னறைக் கட்டிலிலிருந்து ஆத்தா, "ஏப்பா, அது என்னன்னா..." என்று ஆரம்பித்தார். "சின்னாத்தா, நீங்க சும்மா இருங்க" என்றார் அண்ணன். ஆத்தாவிடம் அவ்வளவு அழுத்தமாக அண்ணன் பேசி நான் கேட்டதே இல்லை. ஆத்தா என்னைப் பார்த்தார். யாராவது என்னைக் கேட்டால் சொல்லிவிடலாம் என்று நான் உட்கார்ந்திருந்தேன். யாரும் கேட்கவில்லை.

எல்லா அறைகளையும் திறந்து பார்த்தார்கள். பரணில் ஏறினார்கள். தூண்களைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு கரண்டிகூடக் குறையவில்லை. இருந்தாலும் கேட்ட கேள்வி கேட்டதுதானே. "பொய்யின்னு வந்துட்டா அப்புறம் மனசு ஒப்ப மாட்டேங்குது. சாவி இனிமே தம்பிகிட்ட இருக்கட்டும்" என்றார் சென்னைக்காரர். பெனாங்குக்காரரும் ஆமாம் என்றார். தம்பி என்றது என்னை.

அண்ணன் இடுப்பிலிருந்து கொத்தை எடுத்து என் கையில் வைத்தார். "பெனாங்குக்காரவுக பூட்டு மட்டும் ஒரு திருப்புல திறக்காது. ரெண்டு தடவை திருப்பணும்" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். என் மேல் எனக்கு வர வேண்டிய கோபமெல்லாம் அந்த நேரத்திலும் அவர் மேல்தான் வந்தது. இந்த மனிதரை யார் பொய் எழுதச் சொன்னது? என் பெயரை எழுதியிருந்தால் என்னைத்தானே ஏசியிருப்பார்கள், ஏச்சோடு போயிருக்கும் அல்லவா? இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. இன்னமும் அவரை இப்படித்தான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாவியோடு முன்னறைக்கு வந்தேன். ஆத்தா என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"என்னைய உள்ள கொண்டுபோய்ப் போட்டுரு" என்றார். "இங்க எல்லாம் தெரியுது."

எவ்வளவோ கெஞ்சினேன். கேட்கவில்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கட்டிலை நானும் என் மனைவியுமாகத் தூக்கினோம். உள்ளறை நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை, ஒரு பக்கம் இடித்துக்கொண்டு நின்றுவிட்டது. வளவிலிருந்த பங்காளிகளில் ஒருவர் எழுந்து வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். நிமிர்ந்து பார்த்தேன், அண்ணன்.